ரூம் மாமா

தென்மாவட்டத்து ஊர் ஒவ்வொன்றிலும் ஒரு ரூம் மாமா இருப்பார். யார் சென்னைக்குக் கிளம்பினாலும், ரயில் டிக்கெட் எடுத்த கையோடு அவருக்குத்தான் போன். "மாமா, மவுண்ட் ரோடு பக்கம் சல்லிசா ஒரு ரூம்..." என்று இழுத்தால் போதும், சோற்றுக் கையோடே ஆரம்பித்துவிடுவார்.

"சாந்தி தியேட்டர்ல இருந்து நடந்தா அஞ்சு நிமிசம்."

சாந்தியை இடித்தாயிற்று. அதற்கு வெகு முன்பே சஃபையர் போனது, ஆனந்த் போனது. 1970இல் திறந்த தேவி இன்னும் தாக்குப்பிடிக்கிறது. மாமாவின் மவுண்ட் ரோட்டிலோ ஒரு தியேட்டர் மேலும் கடப்பாரை விழவில்லை. சஃபையர் வளாகத்து ப்ளூ டயமண்டில் படம் விடாமல் ஓடும், எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். ஒரே டிக்கெட்டில் பகல் முழுக்க ஏசியில் தூங்கி எழுந்தவர்களை அவருக்குத் தெரியும். அதைவிட மலிவான ரூமை இந்த நாட்டில் எவனும் கட்டவில்லை என்பது அவர் கட்சி.

அவரிடம் விஷயம் இல்லாமல் இல்லை. நெல்லை எக்ஸ்பிரஸில் காலையில் எழும்பூர் வந்து இறங்குகிறோம். பகல் 12 மணிக்கு செக்-அவுட் என்று எழுதிப் போட்டிருக்கும் லாட்ஜில் நுழைந்தால், பல் தேய்த்துக் குளித்து முடிப்பதற்குள் ஒரு நாள் வாடகை காலி. ஆகவே கவுண்டரில் முதலில் கேட்க வேண்டியது வாடகையை அல்ல, "இருபத்துநாலு மணி நேரக் கணக்கா?" என்பதை. சேப்பாக்கத்தில் ஐபிஎல் மேட்ச் உள்ள அன்று திருவல்லிக்கேணிப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. எழும்பூர் கென்னட் லேன் லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு, அங்கேயே மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, அரசினர் தோட்டத்தில் இறங்கினால் தேவி எட்டும் தூரம்தான்.

மாமாவே கூட வந்துவிட்டால் கதை வேறு. செல்போனில் ஆப் காட்டும் விலையை கவுண்டர் பையனிடம் நீட்டுவார். "தம்பி, இதுல கமிஷன் போக உங்க கைக்கு என்ன வரும்? அதுக்கு மேல அம்பது ரூவா சேத்துத் தாரேன்." பையன் ஜிஎஸ்டி என்று வாயெடுத்தால் முகம் சுண்டிவிடும். ஆயிரம் ரூபாய்க்குட்பட்ட அறைக்கு வரியே இல்லாமல் இருந்தது, 2022 ஜூலையோடு அது போனதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

பிறகு சோதனை. மெத்தை ஓரத்தைத் தூக்கி, தையல் மடிப்பில் செல்போன் டார்ச் அடித்து மூட்டைப்பூச்சி தேடுவார். வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார். ஃபேன் ரெகுலேட்டரை ஒன்றிலிருந்து ஐந்து வரை திருப்புவார். எல்லா எண்ணிலும் அது ஒரே வேகத்தில்தான் ஓடும். சன்னலைத் திறந்தால் முழம் தள்ளிப் பக்கத்துக் கட்டடச் சுவர். மருமகன் முகம் சுளித்தால், "ஏல, வெளிச்சம் வந்தா எப்படித் தூங்குவ?" என்று அதற்கும் ஒரு பெருமை சேர்ப்பார்.

ஒரு தடவை எல்லாம் முடிந்து, ஆதார் நகல் கொடுத்து, சாவி வாங்கி, குளித்துத் தலைசீவி, "வாங்க மாமா, தேவியில படம் பாக்கப் போவோம்" என்றான் மருமகன்.

"படத்துக்கு எவன்ல துட்டு குடுப்பான்? எதுத்தாப்ல ஒருத்தன் புதுசா லாட்ஜ் போர்டு மாட்டிருக்கான். சும்மா ரேட்டு கேட்டுட்டு வருவோம், வா."