காவியாரும் கடன் வாரண்டும்

'செவன் சீஸ் ஸ்ப்ளெண்டர்' என்ற கப்பலில் ஒரு கட்டில் இருக்கிறது. 2020-இல் கப்பல் ஓடத் தொடங்கியபோது, அதன் சொந்தக்காரரான ரீஜண்ட் நிறுவனம் கட்டிலின் விலையையும் சேர்த்தே விளம்பரம் செய்தது: 2 லட்சம் டாலர். ஸ்வீடனின் ஹேஸ்டன்ஸ் கம்பெனி கையால் செய்தது, மெத்தைக்குள் குதிரை முடி. கட்டில் கிடக்கும் 'ரீஜண்ட் சூட்' என்ற அறைத்தொகுப்பு பால்கனியோடு சேர்த்து 4,443 சதுர அடி. சென்னைக் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு கிரவுண்டு. ஓர் இரவு வாடகை பத்தாயிரம் டாலரைத் தாண்டும். இவ்வளவு கொடுத்தவர் எட்டு மணி நேரம் தூங்கினால் மூன்றில் ஒரு பங்குப் பணம் குறட்டையில் போய்விடும். தூங்காமல் விழித்திருந்தால் கட்டில் வீண்.

சொகுசுக் கப்பல்களில் போகிறவர்களுக்கு இந்த மாதிரிக் கணக்குதான் உயிர். பணத்தைப் பற்றிய நினைப்பே வேண்டாம், எல்லாம் டிக்கெட்டில் அடக்கம் என்று சொல்லித்தான் கம்பெனிகள் ஆள் பிடிக்கின்றன. வருகிறவர்களோ ஏறிய நிமிடத்திலிருந்து வேறு எதையும் நினைப்பதில்லை. முந்திய கப்பலில் ஷாம்பெயின் எந்த பிராண்டு, இதில் எந்த பிராண்டு. அங்கே இறால் எவ்வளவு பெரிது, இங்கே எவ்வளவு பெரிது என்று ஆடிட்டர் தோற்கும் அளவுக்கு ஒப்பிடுகிறார்கள். சம்பாதித்த காலத்தில் எப்படிச் சம்பாதித்தார்கள் என்பதற்கு இதுவே போதுமான விளக்கம்.

சாதாரணப் பெருங்கப்பல்களின் வழி வேறு. அங்கே டிக்கெட் மலிவு, மற்றதெல்லாம் நம் ஊர்க் கல்யாண மண்டபத்து பில். வாடகை குறைவு என்று நம்பி உள்ளே போனால் ஜெனரேட்டருக்குத் தனி, பாத்திரத்துக்குத் தனி, குப்பை அள்ளுவதற்குத் தனி. கப்பலில் மதுவுக்கு ஒரு பேக்கேஜ், வைஃபைக்கு ஒரு பேக்கேஜ், நல்ல ரெஸ்டாரண்டில் உட்கார ஒரு கட்டணம், இறங்கி ஊர் பார்க்க இன்னொன்று. டிப்ஸ் கொடுக்கலாமா வேண்டாமா என்று தயங்கும் சிரமத்தைக்கூட நமக்கு வைக்காமல், தலைக்கு நாளொன்றுக்கு இத்தனை டாலர் என்று தானாகவே பில்லில் ஏற்றிவிடுவார்கள்.

இதற்கு மாற்றாகத்தான் 'எல்லாம் அடக்கம்' வந்தது. ஆனால் 'எல்லாம்' என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ரீஜண்டில் மது, டிப்ஸ், ஊர்ச்சுற்றல் வரை உள்ளே வந்துவிடும்; விமான டிக்கெட்டையும் சேர்த்த கட்டணமும் உண்டு. சில்வர்சீ வீட்டு வாசலுக்குக் கார் அனுப்பும் 'டோர் டு டோர்' கட்டணத்தைக் கொண்டுவந்தது. துறைமுகத்துக்கு நாங்களே வந்துகொள்கிறோம் என்பவர்களுக்கு 'போர்ட் டு போர்ட்' கட்டணத்தையும் கொண்டுவந்தது. சீபோர்னில் மதுவும் டிப்ஸும் அடக்கம், ஊர்ச்சுற்றல் தனி. வைக்கிங் நடுவழிக்காரர். மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் பீரும் ஒயினும் இலவசம், ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு சுற்றுலா இலவசம். சூதாட்ட அரங்கு கிடையாது. பதினெட்டு வயதுக்குக் கீழே யாரையும் ஏற்றுவது இல்லை. பேரப்பிள்ளைகளிடமிருந்து பத்து நாள் விடுதலை என்று அவர்கள் விளம்பரத்தில் வெளிப்படையாகச் சொல்வதில்லை, சொல்லவும் தேவையில்லை.

'எல்லாம் அடக்கம்' ஏற்பாட்டில் நஷ்டப்படும் ஜீவன் ஒன்று உண்டு. அவர்தான் குடிக்காதவர். பக்கத்து மேஜைக்காரர் காலை ஆம்லெட்டோடு தொடங்கிவிட்ட ஷாம்பெயினுக்கு இவரும் பங்கு கொடுத்திருக்கிறார். அதிலும் சைவமாக இருந்துவிட்டால் காவியார் என்ற மீன் முட்டைக்கும், லாப்ஸ்டருக்கும் சேர்த்து மொய் எழுதியாகிவிட்டது. தக்காளி ஜூஸைக் குடித்துக்கொண்டு அவர் கடலைப் பார்க்கும் பார்வையில் இருப்பது தத்துவ விசாரம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

இலவச ஊர்ச்சுற்றலிலும் இதே கதைதான். காசு கொடுத்துப் போவதாக இருந்தால் ஒரு தேவாலயத்தோடு போதும் என்று திரும்பிவிடுகிறவர், ஏற்கெனவே கட்டிவிட்டோமே என்ற ஒரே காரணத்துக்காகக் காலை ஏழரை மணி பஸ்ஸில் ஏறி நான்கு தேவாலயம், ஒரு கோட்டை, ஓர் ஆலிவ் எண்ணெய் ஆலை எல்லாவற்றையும் பார்த்து முடிக்கிறார். ஓய்வுக்காக வந்தவர்தான். ஆனால் ஓய்வு எடுத்தால் கட்டுப்படியாகாது.

எந்தக் கம்பெனி உசத்தி என்ற சண்டையில் ஒரு சின்ன வேடிக்கை ஒளிந்திருக்கிறது. சீபோர்னும் கியூனார்டும் கார்னிவல் கார்ப்பரேஷனுக்குச் சொந்தம். சில்வர்சீ, ரோம் நகரத்து லெஃபெவ்ர் குடும்பம் 1994-இல் தொடங்கியது. 2018-இல் அதன் மூன்றில் இரண்டு பங்கை ராயல் கரீபியன் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கியது, 2020-இல் மீதியையும் எடுத்துக்கொண்டது. ரீஜண்டும் ஓஷியானியாவும் 2014 முதல் நார்வீஜியன் குழுமத்தின் கையில். இந்த மூன்று குழுமங்களுக்கும் தலைமையகம் ஒரே ஊர், மயாமி. தண்ணீர்ச் சறுக்கும் பஃபே கியூவுமாக ஆயிரக்கணக்கானவர்களை ஏற்றிச் செல்லும் அதே முதலாளிகள்தான் காவியார் கரண்டியையும் நீட்டுகிறார்கள். கூட்டத்தை விட்டுத் தப்பித்துவிட்டோம் என்று பெருமைப்படுகிறவர்கள், கூட்டத்தின் கல்லாவில்தான் பணம் கட்டுகிறார்கள்.

சேவை என்று வரும்போது ஆள் கணக்கைப் பார்ப்பது வழக்கம். 2024-இல் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' என்ற பெருங்கப்பல் அறைக்கு இருவர் என்ற கணக்கில் 5,610 பயணிகளையும் 2,350 ஊழியர்களையும் கொண்டது; ஓர் ஊழியருக்கு ஏறத்தாழ இரண்டரைப் பயணிகள். ரீஜண்டின் 'செவன் சீஸ் எக்ஸ்ப்ளோரர்' கப்பலில் சுமார் 750 பயணிகளுக்கு 550 ஊழியர்கள். ஆளுக்கு ஒன்றரைகூட வராது.

இத்தனை ஊழியர்கள் என்ன செய்வார்கள்? சில்வர்சீயில் எந்த அறை எடுத்தாலும் ஒரு பட்லர் கிடைப்பார். பெட்டியைப் பிரித்துத் துணிகளை அடுக்கித் தருவார், ஷூவுக்குப் பாலிஷ் போடுவார், குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைப்பார். தலையணைக்கு ஒரு மெனு கார்டு உண்டு. இதை எழுதுபவரின் சந்தேகம் பெட்டியைப் பற்றியது. மேலே நல்ல சட்டை, அடியில் பழைய பனியன், ஓரத்தில் ஊறுகாய் பாட்டில், சாரிடான் அட்டை என்று அடுக்கிய பெட்டியை, வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் திறந்து, முகத்தில் எந்தச் சலனமும் காட்டாமல் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதை நின்று பார்ப்பது எந்த வகைச் சொகுசு? பட்லர் வருவதற்கு முன்பே அவசரமாகப் பெட்டியைக் காலி செய்துவிட்டு, அவர் வந்ததும் "ஒன்றும் வேலையில்லை, உட்காருங்கள்" என்று சொல்கிறவர்கள் நம்மவர்களில் மட்டுமல்ல, எல்லா நாட்டிலும் இருப்பார்கள்.

சீபோர்ன்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்க் கடலுக்குள் இறங்கிவிட்டார்கள். 'கேவியார் இன் தி சர்ஃப்' என்று அவர்களுக்கு ஒரு சடங்கு. பயணிகள் கடற்கரையோரத் தண்ணீரில் நின்றுகொண்டிருப்பார்கள். சீருடையை மாற்றாமல் அப்படியே ஊழியர்கள் இடுப்பளவு நீரில் நடந்து வந்து, அலைச்சறுக்குப் பலகையின் மேல் காவியாரையும் ஷாம்பெயினையும் வைத்துப் பரிமாறுவார்கள். மீன் முட்டையை மறுபடி கடலுக்கே கொண்டுவந்து சாப்பிடுவதில் என்ன சுவை கூடும் என்று கேட்கக் கூடாது. பரிமாறுகிறவரின் கால்சட்டை நனைகிறது, அதுதான் சுவை.

ஆனால் சேவைக்குப் பேர்போன கப்பல் எது என்று பழைய பயணிகளைக் கேட்டால் பலர் கிரிஸ்டல் என்றுதான் சொல்வார்கள். ஜப்பானின் என்.ஒய்.கே. கம்பெனி 1988-இல் தொடங்கிய நிறுவனம். 1990-இல் முதல் கப்பல். பயணப் பத்திரிகைகளின் வாசகர் வாக்கெடுப்பில் ஆண்டுக்கணக்கில் முதலிடம். 2015-இல் ஜெண்டிங் ஹாங்காங் 55 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. புதிய கப்பல், ஆற்றுப் படகு, விமானம் என்று திட்டங்கள் ஏறின. கொரோனா வந்தது. 2022 ஜனவரியில் ஜெண்டிங் ஹாங்காங் கவிழ்ந்தது.

அந்த மாதமே நடந்ததுதான் கப்பல் வரலாற்றின் நகைச்சுவைப் பக்கம். 'கிரிஸ்டல் சிம்ஃபனி' பயணிகளோடு மயாமிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. எரிபொருள் போட்ட கம்பெனி, 46 லட்சம் டாலர் பாக்கி என்று அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. கடல் சட்டத்தில் கப்பலையே கைது செய்யலாம். அதிகாரி ஏறி வாரண்டைக் கொடுத்தால் கப்பல் நகரக் கூடாது. வாரண்டு மயாமியில் காத்திருந்தது. கப்பல் மயாமிக்குப் போகவில்லை. பஹாமாஸின் பிமினித் தீவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டது. அமெரிக்க வாரண்டு அங்கே செல்லாது. ஷாம்பெயினுக்குக் கணக்கே பார்க்காமல் ஊற்றிய கப்பல், டீசல் கணக்கைப் பார்த்ததும் ஓடிவிட்டது. பயணிகளை ஒரு ஃபெர்ரி படகில் ஏற்றி ஃபோர்ட் லாடர்டேலில் கொண்டுவந்து விட்டார்கள். டிக்கெட்டில் எல்லாம் அடக்கம் என்று சொன்னதில் இதுவும் அடக்கம் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அடுத்த மாதமே பஹாமாஸின் ஃப்ரீபோர்ட்டில் சிம்ஃபனியும் அதன் சகோதரி 'செரினிட்டி'யும் கைதாகிவிட்டன என்பது வேறு விஷயம்.

இரண்டு கப்பலையும் அதே ஆண்டு வாங்கியவர் யார் தெரியுமா? மான்ஃப்ரெடி லெஃபெவ்ர் தொவிதியோ. சில்வர்சீயை நடத்தி ராயல் கரீபியனுக்கு விற்ற அதே மனிதர். தான் வளர்த்த கம்பெனியை விற்ற பணத்தோடு வந்து, அதற்கே போட்டி வைத்தார். அறைகளை இடித்துப் பெரிதாக்கி, சிம்ஃபனியில் 848 ஆக இருந்த பயணிகளை 606 ஆகவும், செரினிட்டியில் 980-ஐ 740 ஆகவும் குறைத்தார்கள். அதைவிடக் கெட்டிக்காரத்தனம், பழைய ஊழியர்களைத் தேடிப் பிடித்துப் பெரும்பாலோரைத் திரும்ப அழைத்தது. 2023-இல் இரண்டும் மறுபடி ஓடத் தொடங்கின. கம்பெனி திவாலானபோது முன்பணம் மாட்டிக்கொண்டவர்கள்கூட மறுபடி வந்தார்கள். தரைவிரிப்பை எந்தக் கப்பலிலும் விரிக்கலாம். ஆனால் இந்த அம்மாவுக்கு டீயில் பால் கூடாது, அந்த ஐயாவுக்கு இடது காது கேட்காது என்று நினைவில் வைத்திருக்கும் ஆளைக் கம்பளத்தோடு சேர்த்து வாங்க முடியாது. கிரிஸ்டலின் புது முதலாளி வாங்கியதில் உருப்படியான சொத்து அதுதான் என்பது இதை எழுதுபவரின் கட்சி.

சொகுசுக் கப்பலில் கணக்குப் பார்ப்பது உச்சத்துக்குப் போகும் இடம் மது அரங்கு அல்ல, துணி துவைக்கும் அறை. ரீஜண்ட், சில்வர்சீ, சீபோர்ன் கப்பல்களில் பயணிகள் தாங்களே துவைத்துக்கொள்ள இலவச மெஷின்கள் வைத்திருக்கிறார்கள். பட்லர் இருக்கிறார், சலவைக்கு அனுப்பலாம், இருந்தாலும் மெஷின் முன்னால் கூட்டம். வாழ்நாள் முழுக்க வேலைக்காரரிடம் துணி போட்டவர்கள், இலவசம் என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் சோப்புத்தூள் டப்பாவோடு வரிசையில் நிற்கிறார்கள். யாரோ துவைத்துவிட்டு எடுக்காமல் போன துணிகளை வெளியே எடுத்து வைக்கலாமா கூடாதா என்ற பிரச்சினையில், வைர மோதிரம் போட்ட கைகள் நீண்டு பேசியதாகக் கேள்வி.

தனியாகப் போகிறவர்களைப் பற்றி ஒரே வரி: பல பயணங்களில் ஒரு ஆளுக்கு இரண்டு ஆள் கட்டணம் வரை கேட்பார்கள், காலிக் கட்டிலுக்குக் காவியார் கிடைக்காது.

கியூனார்டின் 'குயின் மேரி 2'-இல் வேறொரு பழங்காலக் கணக்கு. 2004-இல் ஓடத் தொடங்கிய கப்பல்தான், ஆனால் எந்த அறை எடுத்தீர்களோ அதைப் பொறுத்துத்தான் எந்தச் சாப்பாட்டு அறை என்பது. மேல்தட்டுக்குக் குயின்ஸ் கிரில், அடுத்ததற்குப் பிரின்சஸ் கிரில், மற்றவர்களுக்குப் பிரிட்டானியா. 'காலா' என்ற சம்பிரதாய இரவுகளில் ஆண்கள் டின்னர் ஜாக்கெட்டோ டையோடு அடர்நிற சூட்டோ போட வேண்டும். முறையான தேசிய உடையும் ஏற்கப்படும். தமிழ்நாட்டுக் கிளப்புகளில் வேட்டி நுழைய 2014-இல் சட்டசபை கூடிச் சட்டம் போட வேண்டியிருந்தது. அட்லாண்டிக் நடுவில் பட்டு வேட்டி சிரமமில்லாமல் நுழையலாம் போலிருக்கிறது, காற்று மட்டும் அனுமதித்தால்.

அந்தக் கப்பலின் பன்னிரண்டாவது தளத்தில் இருக்கிறது நாய்க்கூடம். 24 கூண்டுகள், கவனிக்கத் தனி ஊழியர். 2016-இல் புதுப்பித்தபோது, நாய்கள் காலைத் தூக்க வசதியாக நியூயார்க் தெருத் தீயணைப்புக் குழாய் ஒன்றையும், லிவர்பூல் விளக்குக் கம்பம் ஒன்றையும் நட்டார்கள். எந்த நாட்டு நாயும் அந்நியமாக உணரக் கூடாதல்லவா! இரவில் அவற்றுக்குப் புதிதாகச் சுட்ட பிஸ்கட். உடைக் கட்டுப்பாடு கிடையாது, எந்த உணவறை என்ற பாகுபாடு கிடையாது, டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை. சொந்தக்காரரின் அறைக்குள் நாயைக் கொண்டுபோக மட்டும் அனுமதியில்லை. ஆகவே அட்லாண்டிக்கைக் கடக்கும் ஏழு இரவும் பிரபுக்கள் பார்வையாளர் நேரம் எப்போது என்று விசாரித்துக்கொண்டு, டின்னர் ஜாக்கெட்டோடு மேல்தளத்துக்கு ஏறிப் போகிறார்கள். மனிதர்களுக்கான அறைகளுக்குச் சில சமயம் கடைசி நேரத் தள்ளுபடி வருவதுண்டு. அந்த 24 கூண்டுகளுக்கோ மாதக்கணக்கில் காத்திருப்போர் பட்டியல்.