கறுப்புக்கு ஒரு கட்டுப்பாட்டு விலை

பெறுநர்: தலைவர், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, கொழும்பு.

விடயம்: உயர்விலைத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் விற்கப்படும் கறுப்பு நிறத்துக்கு உச்ச சில்லறை விலை நிர்ணயித்தல்



2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நிறுவப்பட்டு, அரிசிக்கு உச்ச சில்லறை விலை குறித்து வர்த்தமானி வெளியிடுவதில் கைதேர்ந்த அதிகார சபையின் கவனத்துக்கு, மூட்டை கட்டவோ தராசில் இடவோ முடியாத பண்டமொன்று நாட்டில் கட்டுப்பாடின்றி விற்பனையாவதை, கலா ஓயாக் கரையில் வில்பத்துக் காட்டின் தெற்கு வாயிலை அண்டி வாழும் எலுவன்குளத்துப் பாவனையாளர்கள் பணிவன்புடன் கொண்டுவருகின்றனர். அப்பண்டம் கறுப்பு நிறமாகும்.

சாதாரண எல்.சி.டி. திரையில் உள்ள திரவப் படிக அடுக்கு தானாக ஒளிர்வதில்லை. பின்னால் எரியும் விளக்கின் ஒளியைத் தடுத்தும் விட்டும் அது படம் காட்டுவதால், தடுப்பு முழுமையடையாத இடங்களில் கறுப்பு சற்றே சாம்பல் பூத்துத் தெரிகிறது. ஓ.எல்.ஈ.டி. எனப்படும் உயர்விலைத் திரையிலோ ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணைவதால் கறுப்பு முழுக் கறுப்பாகவே நிற்கிறது. இவ்வேறுபாடு மெய்யானது, அழகானது, எவராலும் மறுக்க முடியாதது. ஆயினும் எரியும் விளக்கைவிட அணைந்த விளக்குக்குக் கூடுதல் பணம் அறவிடப்படுவதும், அவ்விருளின் பெறுமதி மீதும் 2024 ஜனவரி முதல் 18 சதவீத வற் வரி விழுவதும் சபையின் ஆய்வுக்குரியன.

கறுப்பின் நியாய விலையைக் கணிக்க ஒரு முன்னுதாரணம் உண்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிறு முற்பகலில், பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததே காரணம் என மின்சக்தி அமைச்சர் விளக்கிய நாடளாவிய மின்தடையின்போது, எலுவன்குளம் அமைந்துள்ள இதே புத்தளம் மாவட்டத்து 900 மெகாவாற் நுரைச்சோலை நிலையமும் ஓய்ந்துவிட, நாட்டிலுள்ள தொலைக்காட்சித் திரைகள் விலை வேறுபாடும் வணிகப் பெயர் வேறுபாடும் இன்றி ஒரே தரமான கறுப்பைக் காட்டின. அச்சேவைக்குக் குரங்கு கட்டணம் எதுவும் அறவிட்டதாகத் தகவல் இல்லை.

மேலும், களப்புக் காற்றுக்காக வாசலும் யன்னலும் திறந்தே கிடக்கும் எலுவன்குளத்து வீடுகளின் முன்மண்டபத்தில், பகல் வெளிச்சம் திரையில் பட்டுத் தெறிக்கும்போது, இலட்சங்கள் கொடுத்து வாங்கிய கறுப்பின் மீது பார்ப்பவர் உடுத்த சாரத்தின் கட்டங்களும் எதிர்ச்சுவர் நாட்காட்டியின் திகதியும் இடவலம் மாறித் தெரிகின்றன.

அடுத்தது கூர்மை பற்றியது. 4கே எனப்படும் திரையில் அகலவாக்கில் 3840, உயரவாக்கில் 2160 என ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள் உள்ளன. இலங்கை ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் தொடங்கிய காலம்தொட்டு அன்டெனாவுக்கு வந்துகொண்டிருக்கும் பழைய அலைமுறை ஒளிபரப்பிலோ கண்ணுக்குத் தெரியும் கிடைவரிகள் 576 மட்டுமே; அதனை இலக்கமாக்கினால் கிடைப்பவை சுமார் 4 இலட்சத்து 15 ஆயிரம் புள்ளிகள். ஆகவே திரையின் ஒவ்வொரு 20 புள்ளிகளிலும் 19 ஒளிபரப்பில் வராதவை. பெட்டியே அக்கம்பக்கம் பார்த்து ஊகித்து இட்டு நிரப்புபவை. விலையுயர்ந்த பெட்டி நன்றாக ஊகிக்கிறது, மலிவான பெட்டி சுமாராக ஊகிக்கிறது, இரண்டுமே ஊகம்தான். இலக்கமுறைத் தரை ஒளிபரப்புக்கென 2014இல் ஜப்பானிய முறை தெரிவு செய்யப்பட்டபோதும், மாற்றம் இன்னும் முழுமை பெறாதிருப்பதால், அரசு அனுப்பாத புள்ளிகளுக்குப் பாவனையாளர் கடையில் பணம் கட்டி வருகின்றனர்.

புள்ளிகள் அனைத்தும் உண்மையாகவே வந்து சேர்ந்தாலும் கண் ஒத்துழைக்க வேண்டும். 43 அங்குல முழு எச்.டி. திரையில் ஒரு புள்ளியின் அகலம் அரை மில்லிமீற்றர். 3 மீற்றர் தூரத்திலிருந்து இயல்பான பார்வை பிரித்தறியக்கூடிய இடைவெளியோ 0.87 மில்லிமீற்றர். அதனிலும் நுண்ணிய 4கேயின் முழுப் பயனைப் பெற வேண்டுமாயின் நாற்காலியைத் திரைக்கு ஒரு மீற்றருக்கும் கிட்டக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதால், பின்வரிசையில் அமரும் குடும்ப அங்கத்தவர்களுக்கு விலைக்கழிவு வழங்குவது பற்றிச் சபை சிந்திக்கலாம்.

பெயருக்கான விலையையும் கவனிக்க வேண்டும். சொனி நிறுவனம் தன் ஓ.எல்.ஈ.டி. திரைகளை எல்.ஜி. டிஸ்பிளே, சம்சுங் டிஸ்பிளே ஆகியவற்றிடம் வாங்குகிறது. சம்சுங் டிஸ்பிளே 2022இல் எல்.சி.டி. உற்பத்தியை நிறுத்திக்கொண்டது, எல்.ஜி. டிஸ்பிளேயின் குவாங்சூ எல்.சி.டி. ஆலை 2025இல் டி.சி.எல். குழுமத்தின் கைக்கு மாறியது. ஆகவே குலப்பெருமை பேசும் பெட்டிகள் பல, பிறந்த வீட்டை விசாரித்தால், மலிவுப் பெட்டிகளுக்கு ஒன்றுவிட்ட சகோதரங்களாக இருக்கக் கூடும். எனினும் நிறத்தைச் சீர்செய்தல், வேகமான அசைவைக் குழம்பாமல் காட்டல், பின்னொளியைப் பகுதி பகுதியாக மங்கச் செய்தல், ஆண்டுக்கணக்கில் மென்பொருளைப் புதுப்பித்தல் ஆகியன உயர்விலை நிறுவனங்களின் மெய்யான உழைப்பு என்பதையும், இருண்ட அறையில் நல்ல மூலப்படத்தைக் கிட்ட இருந்து பார்ப்பவருக்கு அவ்விலை தகும் என்பதையும் இம்மனு ஒப்புக்கொள்கிறது.

எனவே, விற்பனை நிபந்தனைகள் குறித்துப் பணிப்புரை விடுக்கத் தனக்குள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தி, காட்சியறைகளில் நாள் முழுதும் சுற்றிச் சுற்றி ஓடும் கிளிகள், பவளப்பாறைகள், வெட்டிய மாதுளம்பழங்கள் ஆகியவற்றின் படங்களை நிறுத்தி, விலையுயர்ந்த பெட்டியையும் மலிவுப் பெட்டியையும் அருகருகே வைத்து, பெயர்ப்பலகைகளைத் துணியால் மூடி, கூரை அன்டெனாவில் வரும் இரவுச் செய்தியை இரண்டிலும் ஓடவிட்டு, வாங்குபவரை 3 மீற்றர் தள்ளி இருத்துமாறு சபை உத்தரவிட வேண்டும். அதன்பின்னும் எது விலை கூடியது என்று சரியாகக் காட்டுபவர் முழு விலையையும் மனமுவந்து செலுத்தட்டும்; அவ்வுத்தரவு நடைமுறைக்கு வரும் நாளில், கறுப்புக்கு விலை நிர்ணயிக்கக் கோரும் இம்மனு மீளப்பெறப்படும்.

இப்படிக்கு,
எலுவன்குளத்துத் தொலைக்காட்சிப் பாவனையாளர் சார்பில்.