திருடனுக்கு வைத்த நட்டு

எங்கள் தெருவில் காரை நிறுத்தினால் அதன்மேல் கோழி உட்காரும், ஆடு ஏறி நின்று வேப்பிலை தின்னும். சக்கரத்தை மட்டும் இதுவரை யாரும் தொட்டதில்லை. கலசப்பாக்கம் பக்கத்தில் ஆடு திருட்டுப் போனதுண்டு, கிணற்று மோட்டார் ஒயர் போனதுண்டு. அலாய் வீல் போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் சென்னையில் இருக்கும் என் மைத்துனன் ஒருநாள் போனில், பக்கத்து வீட்டுக் கார் விடிந்து பார்த்தால் நாலு செங்கல் மேல் நின்றதென்று சொல்லிவிட்டான். மறு வாரமே நாலு பூட்டு நட்டு வாங்கி, சக்கரத்துக்கு ஒன்றாக மாட்டிவிட்டுத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

சாதா நட்டுக்கு ஆறு மூலை இருக்கும், எந்த ஸ்பானரும் பிடித்துக்கொள்ளும். இதற்கு மூலையே கிடையாது. வழவழவென்று உருளையாக, முகத்தில் மட்டும் ஒரு பூ வடிவப் பள்ளம். அந்தப் பூவுக்குப் பொருந்துகிற இன்னொரு பூவைச் சாவி என்று தருவார்கள். அதைச் செருகி, அதன் முதுகில் வீல் ஸ்பானரை மாட்டித் திருக வேண்டும். பிளேயரால் பிடித்துத் திருகிவிடலாம் என்று நினைக்கிற திருடனுக்காக வெளியே ஒரு வளையம் வைத்திருக்கிறார்கள். அது மட்டும் சும்மா சுற்றும், உள்ளே இருக்கும் நட்டு அசையாது. கூடவே ஓர் எண் போட்ட அட்டை: சாவி கெட்டுவிட்டால் இந்த எண்ணைச் சொல்லி வேறு வாங்கிக்கொள்ளலாம், பத்திரமாக வைக்கவும். பத்திரமாகத்தான் வைத்தேன்.

தை அமாவாசை முடிந்து ஏழாம் நாள் ரதசப்தமி. அன்றைக்குத் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் எங்கள் ஊர் செய்யாற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். எங்கள் திருமாமுடீஸ்வரரும் ஆற்றுக்கு எழுந்தருள்வார். ஆறு இரண்டு சாமியையும் பார்க்கும், ஊர் ஆற்றைப் பார்த்து ஓடும். அதற்காக என் மாமனார் செங்கத்திலிருந்து முதல் நாளே வந்துவிட்டார். ஆற்றங்கரை நடந்தே போகிற தூரம்தான். ஆனாலும் மாப்பிள்ளை கார் வைத்திருக்கும்போது மாமனார் நடந்து போனால் அது மாப்பிள்ளைக்கு மரியாதையா?

காலையில் பார்த்தால் முன் இடது டயர் தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

"ஸ்டெப்னி மாத்த அஞ்சு நிமிஷம் மாமா, நீங்க காபி குடிங்க" என்றேன். ஜாக்கியை வைத்துக் காரைத் தூக்கினேன். ஸ்பானரை மாட்டித் திருகினேன். சக்கரம் அழகாகச் சுற்றியது. நட்டைத் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிட்டு அப்புறம்தான் தூக்க வேண்டும் என்பது சைக்கிள் கடைப் பையனுக்கும் தெரியும். மாமனார் காபி டம்ளரை வைத்துவிட்டுப் பார்த்தார். ஏதோ சோதித்துப் பார்ப்பவன்போல் இன்னொரு சுற்று சுற்றிவிட்டு, காரை இறக்கினேன்.

அடுத்து சாவியைக் காணோம். டேஷ்போர்டு, டிக்கி, சீட்டுக்கு அடி எல்லாம் தேடி, கடைசியில் சமையலறையில் அகப்பட்டது. முகத்தில் பூ இருக்கிறதே என்று என் அம்மா அதை முறுக்கு அச்சுகளோடு போட்டு வைத்திருந்தார். "ஒண்ணுதான் நாழியில பொருந்தவே இல்லடா, தீபாவளியிலேந்து பாக்கறேன்" என்றார்.

மூன்று சாதா நட்டும் நல்ல பிள்ளைகளாகக் கழன்றன. பூட்டு நட்டு அசையவில்லை. கடைசியாக டயர் மாற்றிய இடத்தில் காற்றுத் துப்பாக்கியை வைத்து டர்ரென்று இறுக்கியது ஞாபகம் வந்தது. அப்போது அந்தச் சத்தத்தை ரசித்தவனும் நான்தான். சாவியை அவசரத்தில் செருகினேன், முழுசாக உள்ளே போனதா என்று பார்க்கவில்லை. ஸ்பானரின் மேல் ஏறி நின்றேன். குதித்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கு. சின்ன காரின் சக்கர நட்டை இறுக்க வேண்டியது சுமார் 100 நியூட்டன் மீட்டர். என் எடை 84 கிலோ, ஸ்பானர் ஓர் அடி. நான் அதன் நுனியில் சும்மா நின்றாலே ஏறக்குறைய 250. குதித்தால் எவ்வளவு என்பதை நாலாவது குதியில் நட்டே சொன்னது: 'டிக்'. நான் தெருவில் உட்கார்ந்திருந்தேன். பூவின் இதழ்கள் மழுங்கி, பள்ளம் வெறும் குழியாகிவிட்டது. சாவியின் பூவிலும் பாதி இதழ் உதிர்ந்திருந்தது.

எதிர்வீட்டு அக்கா கோலப்பொடி டப்பாவோடு நின்று, "இன்னா, நட்டு கழண்டுச்சா?" என்றார்.

"கார் நட்டு இன்னும் கழலலைக்கா" என்றாள் என் மனைவி.

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே கிளம்பினார். மேளச் சத்தம் தூரத்தில் கேட்டது. அண்ணாமலையார் அவ்வளவு தூரத்திலிருந்து புறப்பட்டு வந்துவிட்டார், என் கார் பத்தடி நகரவில்லை. ரதசப்தமிச் சூரியனின் தேருக்கு ஏழு குதிரை, ஒரே ஒரு சக்கரம் என்பார்கள். பஞ்சரானால் என்ன செய்வார் என்று திண்ணையில் உட்கார்ந்து யோசித்தேன். அவர் பூட்டு நட்டு போட்டிருக்க மாட்டார்.

ஸ்டெப்னி என்று நாம் ஊரெல்லாம் சொல்கிற பேர், வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. அந்தக் காலத்துக் கார்களுக்கு மாற்றுச் சக்கரமே கிடையாது. டேவிஸ் என்ற சகோதரர்கள் 1904-ல் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்: ஆரம் இல்லாத ஒரு வளையம், அதில் காற்றடித்த டயர். பஞ்சரான சக்கரத்தின் பக்கத்திலேயே அதைக் கவ்வ வைத்துவிட்டு ஓட்டிக்கொண்டு போய்விடலாம். சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம்! நூற்றுச் சொச்ச வருஷத்தில் நாம் முன்னேறி முன்னேறி, சக்கரத்தைக் கழற்றித்தான் ஆகவேண்டும், ஆனால் கழற்ற முடியாது என்கிற இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறோம்.

பட்டறைக்காரர்கள் எல்லாம் ஆற்றங்கரையில் இருந்தார்கள். பதினொரு மணிக்கு ஒரு பையன் மட்டும் டிவிஎஸ் எக்ஸ்எல்லில், கோணிப்பையோடு வந்தான். இருபது வயது இருக்கும், நெற்றியில் ஈரம் காயாத விபூதி. நட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ஏறி மிதிச்சீங்களா சார்?"

"லேசா."

முதலில் ரிம்மில் கீறல் விழாமல் பழந்துணியைச் சுற்றினான். சின்ன உளியை வளையத்தின் விளிம்பில் வைத்து நாலு தட்டுத் தட்டினான். திருடனை ஏமாற்றுவதற்கென்றே பிறந்த அந்த வளையம் வாய் பிளந்து கீழே விழுந்தது. கோணிப்பையில் கைவிட்டுத் துழாவி, உள்ளே பன்னிரண்டு மூலை உள்ள ஒரு பழைய சாக்கெட்டை எடுத்து நட்டின்மேல் வைத்துப் பார்த்தான். ஒரு நூல் சின்னது.

"இது பொருந்தலையே தம்பி."

"பொருந்துனா வழுக்கும் சார். பொருந்தக் கூடாது."

சம்மட்டியால் அறைந்தான். ஒவ்வொரு அடிக்கும் சத்தம் மாறியது. முதலில் டொக் டொக், பிறகு டங், கடைசியில் கல்லில் அடித்ததுபோல் ஒரு சுருக்கமான சத்தம். அதைக் கேட்டதும் நிறுத்திக்கொண்டான். சாக்கெட்டின் மூலைகள் நட்டின் உடம்பைக் கடித்துப் பிடித்திருந்தன. ராடை மாட்டி, அதன் கைப்பிடியில் நாலடி ஜிஐ பைப்பைச் செருகினான். குதிக்கவில்லை. பைப்பின் நுனியில் சாய்ந்து, மெதுவாக அமுக்கிக்கொண்டே இருந்தான். க்ரீ...ச் என்று ஒரு கத்தல். அவ்வளவுதான், மிச்சத்தைக் கையாலேயே சுற்றி எடுத்துவிட்டான். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம். நான் காலையிலிருந்து மூன்று மணி நேரம்.

"இதுவும் ஆவலன்னா வேற நட்டை வச்சு வெல்டிங் பண்ணித் திருப்பணும். டயர்ல காத்தைப் பூரா எறக்கி, பேட்டரி ஒயர் கழட்டி, பெரிய வேலை சார்" என்றவன், சாக்கெட்டுக்குள் சிக்கியிருந்த நட்டைத் தட்டி வெளியே எடுத்துக்கொண்டே கேட்டான், "இது யாருக்கு சார் போட்டீங்க?"

"திருடனுக்குத்தான்."

"திருடன்கிட்டயும் சம்மட்டி இருக்கும் சார்."

ஸ்டெப்னியை மாட்டி, என் சாவியின் உதிர்ந்த பூவை வெயிலில் பிடித்துப் பார்த்தான். மற்ற மூன்று சக்கரத்தையும் ஒரு நோட்டம் விட்டான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இனிமேல் அந்த மூன்றில் எது பஞ்சரானாலும் இதே கதைதான். "இன்னைக்கே முடிச்சிடுப்பா" என்றேன். உளி, துணி, சம்மட்டி எல்லாம் மறுபடி இறங்கின. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆற்றுக்குப் போவதை விட்டுவிட்டு வரிசையாக உட்கார்ந்துகொண்டன.

பின் சக்கரங்கள் இரண்டும் முடிந்தபோது மாமனார் ஈர வேட்டியோடு திரும்பி வந்தார். "நல்ல தரிசனம் மாப்பிள்ளை" என்று என் நெற்றியில் விபூதி வைத்தார், காரின் பானெட்டிலும் கொஞ்சம் வைத்தார்.

நாலாவது நட்டின் வளையம் தெறித்து, சாக்கெட்டும் கடித்துப் பிடித்த பிறகு, மனைவி உள்ளேயிருந்து வந்தாள். பீரோவில் கல்யாணப் புடவையின் மடிப்பில், பத்திரத்துக்கும் ரேஷன் கார்டுக்கும் நடுவே நான் வைத்த அட்டை அவள் கையில் இருந்தது.

"ஏங்க, இந்த நம்பரைச் சொன்னா வேற சாவி தருவாங்கன்னு போட்டிருக்கே?"

பையன் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு, கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கினான். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். ஒரு மடிப்பு இல்லை, ஒரு கறை இல்லை.

"நல்லா பத்திரமா வச்சிருக்கீங்க சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, பைப்பை எடுத்து மாட்டினான்.