என் மெஷினில் ஓடுகிறதே!

ஒரே நிரலை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் பில்ட் செய்யப் போராடும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த வாரம் பதில்.

கேள்வி: பில்ட் ஃபெயில் ஆனால் திரை முழுக்க நூற்றுக்கணக்கில் எரர். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மேலே போய் முதல் எரரைப் படியுங்கள். மற்றவற்றில் பாதிக்கு மேல் அதன் பிள்ளைகளாகத்தான் இருக்கும். ஒரு ஹெடர் கோப்பு கிடைக்கவில்லை என்றால், அதற்குள் இருந்த பெயர் ஒவ்வொன்றும் 'என்னைத் தெரியவில்லையா' என்று தனித்தனியாகக் குரல் கொடுக்கும். பல கோப்புகள் ஒரே நேரத்தில் கம்பைல் ஆனால் வரிகள் கலந்து வரும். அப்போது ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் ஓடும்படி வைத்து மறுபடி ஓட்டுங்கள். அடுத்து, விழுந்தது எந்தக் கட்டத்தில் என்று பாருங்கள். கான்ஃபிகர், கம்பைல், லிங்க், ரன் ஆகிய நான்கில் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வைத்தியம் முடிந்தது.

கேள்வி: என் விண்டோஸ் கணினியில் ஒழுங்காகக் கம்பைல் ஆகிறது. லினக்ஸில் 'ஹெடர் கோப்பு இல்லை' என்கிறது. கோப்பு அங்கேயேதான் இருக்கிறது!

பதில்: கோப்பின் பெயரில் முதல் எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தா, நீங்கள் இன்க்ளூட் செய்த வரியில் சின்ன எழுத்தா என்று பாருங்கள். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது. அதனால் நம் கண்ணுக்கு இந்தப் பிழை எளிதில் தட்டுப்படாது. விண்டோஸும், வழக்கமான அமைப்பில் மேக்கும் இரண்டையும் ஒரே பெயராக ஏற்றுக்கொள்ளும். லினக்ஸுக்கு அவை இரண்டு வெவ்வேறு ஆட்கள். தீர்வு ஒன்றுதான்: கோப்புப் பெயர்கள் எல்லாம் சின்ன எழுத்தில் என்று முதல் நாளே குழுவில் முடிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: லைப்ரரி இருக்கும் முழுப் பாதையை பில்ட் கோப்பிலேயே எழுதிவிட்டேன். நண்பரின் மேக்கில் ஓடவில்லை. அவரும் ஹோம்ப்ரூ என்ற பேக்கேஜ் மேனேஜர் வழியாகத்தான் நிறுவியிருக்கிறார்.

பதில்: 'பழைய தியேட்டர் இருந்த இடத்தில் திரும்பு' என்று வழி சொல்கிறோமே, அது உள்ளூர்க்காரருக்கு மட்டும்தான் விளங்கும். நீங்கள் எழுதிய பாதையும் அந்த வகைதான். இன்டெல் சிப் உள்ள மேக்கில் ஹோம்ப்ரூ ஓரிடத்தில் குடியிருக்கும். 2020-இல் வந்த ஆப்பிள் சிலிக்கான் மேக்குகளில் வேறோர் இடத்தில். விண்டோஸில் அந்தப் பாதைக்கு அர்த்தமே இல்லை. பாதையை எழுதாதீர்கள், பெயரை எழுதுங்கள். 'இன்ன லைப்ரரி வேண்டும்' என்று சிமேக் என்ற பில்ட் கருவியிடம் கேட்டால் அதுவே தேடிக்கொள்ளும். எங்கே தேட வேண்டும் என்ற குறிப்பை அந்தந்தக் கணினிக்காரர் கட்டளை வரியில் கொடுக்கட்டும்.

கேள்வி: கம்பைல் முடிந்துவிட்டது. லிங்க் செய்யும்போது 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்கிறது. லைப்ரரியைக் கொடுத்துத்தான் இருக்கிறேன். மேக்கில் இதே கட்டளை ஓடுகிறதே?

பதில்: கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சாம்பார் வாளி ஒருமுறை கடந்து போன பிறகு வந்து உட்கார்ந்தவரின் இலையில் சாம்பார் விழாது. லினக்ஸில் பரவலாக இருக்கும் குனு லிங்கர், ஸ்டாட்டிக் லைப்ரரிகளை இடமிருந்து வலமாக ஒரே ஒருமுறை கடக்கிறது. ஒரு லைப்ரரியை அடையும்போது, அதற்கு முன்னால் யார் எதைக் கேட்டுக் காத்திருக்கிறார்களோ அதை மட்டும் எடுத்துக் கொடுக்கிறது. பின்னால் வந்து கேட்பவருக்குக் கிடைக்காது. ஆகவே கேட்பவர் முன்னால், கொடுப்பவர் பின்னால். மேக்கின் லிங்கர் இந்த வரிசையில் இவ்வளவு கண்டிப்பு காட்டுவதில்லை. அதனால்தான் அங்கே பிழை ஒளிந்திருந்தது. எந்த லைப்ரரி எதைச் சார்ந்தது என்று சிமேக்கில் முறையாக அறிவித்துவிட்டால், பந்தி வரிசையை அது கவனித்துக்கொள்ளும்.

கேள்வி: லினக்ஸில் ஷேர்ட் லைப்ரரி சரியாக வேலை செய்கிறது. விண்டோஸில் டிஎல்எல் உருவாகிறது, ஆனால் அதிலுள்ள ஒரு ஃபங்ஷனையும் வெளியிலிருந்து அழைக்க முடியவில்லை.

பதில்: லினக்ஸ் லைப்ரரி திண்ணை வைத்த வீடு, யாரும் வந்து உட்காரலாம். விண்டோஸ் டிஎல்எல் அடுக்குமாடிக் குடியிருப்பு. வாசலில் பெயர் கொடுத்து வைத்தவருக்கே அனுமதி. வெளியே தெரிய வேண்டிய ஃபங்ஷன்களை எக்ஸ்போர்ட் என்று குறித்தாக வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறந்துவிடும் வசதி சிமேக்கில் உண்டு, அவசரத்துக்கு உதவும். ஆனாலும் ஒவ்வொன்றாகக் குறிப்பதே நல்லது. எது பொது, எது சொந்தம் என்ற தெளிவு உங்களுக்கே பிறக்கும்.

கேள்வி: லைப்ரரியின் புதிய பதிப்பை நிறுவிவிட்டேன். சிமேக் இன்னும் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கிறது.

பதில்: அதற்கு ஞாபகசக்தி அதிகம். முதல் ஓட்டத்தில் கண்ட கம்பைலரையும் லைப்ரரிப் பாதைகளையும் ஒரு கேஷ் கோப்பில் குறித்து வைத்துக்கொள்ளும். கிடைத்ததை மறுமுறை தேடாது. பில்ட் அடைவை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். 3.24 பதிப்பிலிருந்து இதற்கென்றே 'ஃப்ரெஷ்' என்ற தெரிவு இருக்கிறது. சோர்ஸ் இருக்கும் இடத்திலேயே பில்ட் செய்யாமல் தனி அடைவு வைத்துக்கொண்டால், பயமில்லாமல் அழிக்கலாம்.

கேள்வி: விண்டோஸில் எழுதிய ஷெல் ஸ்கிரிப்டை லினக்ஸில் ஓட்டினால் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்கிறது. கண்முன்னே இருக்கிறது!

பதில்: இல்லை என்று அது சொல்வது உங்கள் ஸ்கிரிப்டை அல்ல, அதை ஓட்ட வேண்டிய 'பாஷ்' ஷெல்லைத்தான். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு குறிகள் வைக்கும். லினக்ஸ் ஒன்றே ஒன்று. முதல் வரியில் 'பாஷ்' என்பதை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத அந்த உபரிக் குறி உட்கார்ந்திருக்கிறது. அந்த வால் முளைத்த பெயரில் நிரல் எதுவும் கணினியில் இல்லை. ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு எப்போதும் லினக்ஸ் வரிமுடிவு என்று கிட் ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். குழு முழுக்கத் தப்பிக்கும்.

கேள்வி: மேக்ஃபைலில் டேப் வைத்தால் ஓடுகிறது, ஸ்பேஸ் வைத்தால் ஓடவில்லை. ஏன் இந்தப் பிடிவாதம்?

பதில்: 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' (make) நிரலை எழுதினார். டேப் விதி சரியில்லை என்பது அவருக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் சுமார் ஒரு டஜன் பேர் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேரின் வசதிக்கான விலையை அரை நூற்றாண்டாக உலகம் கொடுத்துவருகிறது. 'மேக்' மகத்தான நிரல். 2003-இல் ஏசிஎம் விருதும் பெற்றது. நமக்கு அதில் ஒரு பாடம் உண்டு: பிழையான வழக்கத்தை, பயனர்கள் கைவிரலில் எண்ணும்படி இருக்கும்போதே திருத்திவிட வேண்டும்.

கேள்வி: பழைய புராஜெக்ட் ஒன்று. சிமேக் 4-க்கு மாறியதும் முதல் வரியிலேயே நின்றுவிட்டது.

பதில்: 2025-இல் வந்த 4.0 பதிப்பு, 3.5-க்கு முந்தைய நடைமுறைகளுக்கான ஆதரவை நீக்கிவிட்டது. 'குறைந்தபட்சப் பதிப்பு' வரியில் 2.8 என்று இருந்தால் அதைக் கூட்டி, மூன்று தளங்களிலும் சோதித்துப் பாருங்கள். புராஜெக்ட் வேறொருவருடையது என்றால், குறைந்தபட்சப் பாலிசிப் பதிப்பு 3.5 என்று கட்டளை வரியில் கொடுத்து இப்போதைக்குச் சமாளிக்கலாம். கையோடு அவருக்கு ஒரு திருத்தமும் அனுப்பிவையுங்கள்.

கேள்வி: லினக்ஸில் பில்ட் செய்த நிரல் மட்டும் நத்தை வேகத்தில் ஓடுகிறது. லினக்ஸ் மெதுவா?

பதில்: லினக்ஸ் மேல் பழி போடாதீர்கள். மேக்ஃபைல், நிஞ்சா வழியாகப் போகும்போது பில்ட் வகையைச் சொல்லாவிட்டால், சிமேக் ஆப்டிமைசேஷன் எதுவும் சேர்ப்பதில்லை. கான்ஃபிகர் செய்யும்போதே 'ரிலீஸ்' என்று சொல்லுங்கள். விஷுவல் ஸ்டுடியோவில் அதையே பில்ட் செய்யும்போது சொல்ல வேண்டும்.

கேள்வி: 'ஆக்ஸ்.சி' என்று ஒரு கோப்பு. விண்டோஸில் அதை இறக்கவே முடியவில்லை.

பதில்: ஆக்ஸ், கான், பிஆர்என், நல் ஆகியவை டாஸ் காலத்திலிருந்தே சாதனங்களுக்கு ஒதுக்கப்பட்ட பெயர்கள். பின்னால் '.சி' போன்ற நீட்டிப்பை ஒட்டினாலும் பல விண்டோஸ் பதிப்புகளில் சிக்கல் தீராது. பெயரை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: புத்தம்புது உபுண்டுவில் பில்ட் செய்து கொடுத்தேன். வாடிக்கையாளரின் பழைய சர்வரில் 'ஜிலிப்சி பதிப்பு கிடைக்கவில்லை' என்று நின்றுவிட்டது.

பதில்: ஜிலிப்சி என்பது லினக்ஸ் நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை சி லைப்ரரி. அதன் பழைய பதிப்பில் கட்டியது பொதுவாகப் புதியதில் ஓடும். ஆனால் புதியதில் கட்டியது பழையதில் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நீங்கள் ஆதரிக்கும் மிகப் பழைய லினக்ஸ் எதுவோ, அதன் கன்டெய்னருக்குள் பில்ட் செய்து கொடுங்கள்.

கேள்வி: நான் கல்லூரி இறுதியாண்டு மாணவி. கோடிங் சொல்லித்தருகிறார்கள், பில்ட் பற்றி யாரும் சொல்வதில்லை. நான் எவ்வளவு தெரிந்து வைத்திருக்க வேண்டும்?

பதில்: மேலே உள்ள கேள்விகளை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் நோய் ஒன்றுதான்: எழுதியவரின் கணினிக்குத் தெரிந்த ஏதோ ஒன்று எந்தக் கோப்பிலும் எழுதப்படவில்லை. லைப்ரரியின் இடம், வரியின் முடிவு, பில்ட் வகை, லினக்ஸின் பதிப்பு எல்லாமே சொல்லாமல் விட்ட சேதிகள். பில்ட் கோப்பு என்பது அந்தச் சேதிகளை அடுத்தவருக்கு எழுதி வைக்கும் கடிதம். அதை அக்கறையோடு எழுதத் தெரிந்தால் போதும், கருவிகள் தாமாகப் பழகிவிடும். இந்தச் சனிக்கிழமை உங்கள் புராஜெக்டைத் தோழியின் லேப்டாப்பில் இறக்குங்கள். நீங்கள் வாய் திறக்காமல், ரீட்மீ கோப்பை மட்டும் பார்த்து அவர் பில்ட் செய்யட்டும். அவர் எங்கே நின்று உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அங்கே ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. அந்த வரியை அன்றைக்கே எழுதிவிடுங்கள்.