ஊன்றினாராம்: ஓர் ஒட்டைப் பற்றிய கடற்கரை ஆய்வு

ஆங்கிலத்தில் ‘ப்ரொஃபெஸ்டு’ என்றொரு சொல் உண்டு. இன்னதை நம்புகிறேன் என்று ஒருவர் பலர் அறியச் சொல்லிக்கொண்டால், அந்த நம்பிக்கைக்கு முன்னால் இதைப் போடுவார்கள். அகராதிப்படி ‘வெளிப்படையாக அறிவித்த’ என்று பொருள். புழக்கத்தில் ‘வாய் சொல்கிறது, மனசு எப்படியோ’ என்ற குறும்பும் ஒட்டிக்கொண்டே வரும். வேர் லத்தீன். ‘புரொபசர்’ முளைத்ததும் அதே வேரில்தான். ஆக, பேராசிரியர் என்பவர் தமக்குத் தெரியும் என்று ஊரறியச் சொல்லிக்கொண்டவர். இந்தப் பகுதியை இதற்கு மேல் விரிக்க விரும்பவில்லை. என் நெறியாளர் பத்திரிகை படிக்கிற ஆள்.

இதற்கு நேரான தமிழைத் தேடி இராமேஸ்வரம் தீவுக்குப் போனேன். ஆய்வுக்கு உட்பட்டோர் ஓர் ஆட்டோக்காரர், ஒரு மீனவர். ஆய்வுக் கருவி, காது. செலவு, ஆட்டோ வாடகையும் இரண்டு டீயும். பல்கலைக்கழக நிதி எதுவும் பெறப்படவில்லை; கேட்டேன், தரவில்லை.

தங்கச்சிமடத்தில் இருக்கிறது வில்லூண்டி தீர்த்தம். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் நடைபாலத்தின் முடிவில் ஒரு கிணறு. ஆட்டோக்காரர் சொன்னதைச் சொல் மாறாமல் தருகிறேன்: “சீதாதேவிக்குத் தாகம் எடுத்துச்சாம். ராமர் வில்லை ஊன்றினாராம். தண்ணி பொங்குச்சாம். சுத்தி உப்பு, இது நல்ல தண்ணி. குடிச்சுப் பாருங்க சார்.”

வாசகர் எண்ணிப் பார்க்கலாம். தாகத்துக்கு ஓர் ‘ஆம்’, வில்லுக்கு ஓர் ‘ஆம்’, ஊற்றுக்கு ஓர் ‘ஆம்’. வாளி மேலே ஏறியதும் ‘ஆம்’ கீழே இறங்கிவிட்டது. குடித்தேன். நல்ல தண்ணீர்தான். (வில் அல்ல, அம்பு என்பாரும் உளர். அவர்களும் ‘விட்டாராம்’ என்றே சொல்வதால் ஆய்வு முடிவு பாதிக்கப்படவில்லை.)

“அப்ப நீங்க நம்பலையா?” என்று கேட்டேன். நெற்றி நிறையத் திருநீற்றுடன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சாமி விஷயத்துல என்ன சார் இப்படிக் கேக்குறீங்க?” ஆங்கிலச் சொல் சொன்னவனைச் சந்தேகிக்கிறது. நம் ஒட்டு யாரையும் சந்தேகிப்பதில்லை. சம்பவம் நடந்தபோது நான் அங்கே இல்லை என்கிற நாணயம், அவ்வளவுதான். ‘ஆகும்’ தேய்ந்து ‘ஆம்’ ஆனது. உடன்படுவதற்கும் அதே ‘ஆம்’, கேள்விப்பட்டதற்கும் அதே ‘ஆம்’. குறுக்கு விசாரணை செய்கிற வக்கீலுக்கு இது எத்தனை பெரிய இடைஞ்சல் என்பதைத் தனிக் கட்டுரையில் காண்க.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தொல்காப்பியரே ‘என்ப’, ‘என்மனார்’ என்று பாரத்தை முன்னோர் தலையில் இறக்கிவைத்துவிட்டுத்தான் இலக்கணம் சொல்கிறார். இந்தக் கரையில் தடுக்கி விழுந்தால் காதில் விழுகிற ‘ஐதீகம்’, வடமொழி ‘ஐதிஹ்யம்’ நம் வாயில் ஆன கோலம். சொன்னவர் இன்னாரென்று குறிக்கப்படாமல் வழிவழியாக வரும் செய்தி என்று நியாய சாத்திர உரையாசிரியர் அதற்கு இலக்கணம் வகுத்திருக்கிறார். பௌராணிகர்கள் ஒரு படி மேலே போய் அதை அறிவுக்கான தனிச் சான்றாகவே, அதாவது பிரமாணமாகவே, ஏற்றார்கள். மூன்றெழுத்துச் சமஸ்கிருதத்தில் அவர்கள் சொன்னதை ஆட்டோக்காரர் ஈரெழுத்தில் முடித்துவிட்டார்.

2007 செப்டம்பரில் சேதுப் பால வழக்கில், ராமாயணத்துக்குச் சரித்திர ஆதாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்த மத்திய அரசு, ஊரெல்லாம் கொந்தளிக்கவே சில நாளில் அதைத் திரும்பப் பெற்றது. மனுவைத் தமிழில் எழுதியிருந்தால் ‘ராமர் கட்டினாராம்’ என்று ஒரே வரியில் இரு தரப்பையும் வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். இதே தீவிலுள்ள ஆபில் காபில் தர்காவில் இந்த வசதி ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது: ஆதம் நபியின் மக்கள் இருவரும் இங்கேதான் அடங்கியிருக்கிறார்களாம்.

தனுஷ்கோடி போகும் வழியில் ஆட்டோக்காரர் புயலைப் பற்றிப் பேசியபோது என் கருதுகோள் ஆட்டம் கண்டது. “1964 டிசம்பர் 22 ராத்திரி. ரயிலோட போச்சு. ஆஸ்பத்திரி, போஸ்டாபீஸ், எல்லாம் போச்சு. கோதண்டராமர் கோயில் நின்னுச்சு.” ஓர் ‘ஆம்’ கூட இல்லை. புயலுக்கு இருபது வருஷம் கழித்துப் பிறந்தவர் எப்படி இவ்வளவு உறுதியாகப் பேசலாம் என்று ஆய்வு நெறிப்படி ஆட்சேபித்தேன். “எங்க அப்பத்தா சொல்லுச்சு சார்” என்றார். அப்பத்தா அந்த மணலில் நாலு பேரைத் தேடி, இரண்டு பேரைக் கண்டெடுத்தவர். கண்ணால் பார்த்த ஒருத்தி வீட்டுக்குள் இருந்தால் ஒட்டு தேவைப்படுவதில்லை என்று குறித்துக்கொண்டேன். பிறகு கொஞ்ச தூரம் அவரும் பேசவில்லை, நானும் எழுதவில்லை.

எஞ்சியது ஒரே சிக்கல்: ‘ஆம்’ தன்மை இடத்தில் வருமா? தான் செய்ததைத் தானே கேள்விப்பட முடியாதே. ஆனால் வருகிறது. ‘நான் திட்டினேனாம்’ என்று மாமியாரும் சொல்வதுண்டு, மருமகளும் சொல்வதுண்டு. ஆங்கிலச் சொல்லின் குறும்பு முழுசாக நம் ஒட்டுக்குள் ஏறுவது இங்கேதான். சொன்னவன் யாரென்று தெரியும், அவன் முகத்திலேயே திருப்பி எறிவதுதான் நோக்கம். சான்று பாம்பனில் கிடைத்தது.

கச்சத்தீவை இலங்கைப் பக்கம் விட்ட கோடு 1974 ஒப்பந்தத்தில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவுக்கு 1976இல் போட்டார்கள். அன்று முதல் ‘எல்லை தாண்டி மீன்பிடித்ததாகக் கூறி’ என்ற தொடரை அச்சுக்கோத்தே வைத்திருக்கலாம். படகு எண்ணிக்கையை மட்டும் மாற்றினால் மறுநாள் செய்தி தயார். டீக்கடை பெஞ்சில் இருந்த மீனவர் அப்படியொரு செய்திக்குள் போய், சிறையில் இருந்துவிட்டு வந்தவர். வந்தார், படகு வரவில்லை.

“எல்லையத் தாண்டுனீங்களாண்ணே?”

டீயை ஒருமுறை ஆற்றினார்.

“தாண்டுனோமாம்.”

மூன்றாவது டீக்கு அவர்தான் காசு கொடுத்தார்.