பழுப்பு டிகாஷன்

கேள்வி: பழைய உணவகங்களில் போய் உட்கார்ந்தாலே மனம் நிறைந்துவிடுகிறதே, ஏன்?
- வாசகர், நெய்வேலி நகரியம்

பதில்: பழைய உணவகம் பசிக்கு மட்டுமல்ல, ஞாபகத்துக்கும் சேர்த்தே பரிமாறுகிறது. நெய்வேலிக்காரர்களுக்கு எட்டும் தொலைவில், புதுச்சேரி நேரு வீதியில் உள்ள இந்தியன் காபி ஹவுஸ் இதற்கு நல்ல சான்று. 1950-களில் காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூட முனைந்தபோது பணியாளர்கள் வேலை இழந்தார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் தூண்டுதலால் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, 1957 முதல் கடைகளைத் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். அதே 1957-இல்தான் நெய்வேலிச் சுரங்கப் பணியை நேரு தொடங்கிவைத்தார். இங்கே மண்ணைத் தோண்டிப் பழுப்பு நிலக்கரி. அங்கே கொட்டையை வறுத்துப் பழுப்பு டிகாஷன். ஒன்று ஊருக்கு வெளிச்சம் தந்தது, மற்றது ஊரைப் பேசவைத்தது.

காபி ஹவுஸில் பரிமாறுபவரே பங்குதாரர். 'லைஃப் ஆஃப் பை' (2001) நாவலின் முன்னுரையில், கதை தமக்குக் கிடைத்த இடமாக யான் மார்ட்டெல் சொல்வது இந்த நேரு வீதிக் கடையைத்தான். ஒரு காபியின் விலைக்கு நாற்காலி, நேரம், பேச்சுத்துணை மூன்றையும் தரும் தாராளமே பழைய உணவகங்களின் தனி ருசி.