குருணைக்கு ஒரு பொன்னாடை

இந்த நாட்டில் பாரபட்சம் பார்க்காதது ஒன்று உண்டென்றால் அது விஷம்தான். நாய்க்கென்று வைப்பார்கள், நாயும் சாகும், நரியும் சாகும், வானத்தில் வட்டமடித்தவையும் இறங்கிவந்து சாகும். 2022 மார்ச்சில் அசாமின் காமரூப் மாவட்டத்தில் ஓர் ஆட்டின் சடலத்தில் யாரோ விஷம் கலந்தார்கள். தெருநாய்களுக்கு வைத்ததாம். செத்துக் கிடந்தவை ஏறத்தாழ 100 இமயமலைப் பாறு கழுகுகள். அடைப்பான் வந்து செத்த மாட்டையே தின்று செரிக்கும் வயிறு அவற்றுக்கு. அந்த வயிற்றையும் வென்றது நம் உரக்கடைச் சரக்கு!

நம் நீலகிரியில், மாயாற்றுப் பக்கம், புலி மாட்டை அடிக்கிறது. மாட்டுக்காரர் நிவாரணம் கேட்டுப் போகிறார்.

"புலிதான் அடிச்சதுன்னு என்னய்யா சாட்சி?"

"செத்த மாடுதாங்க சாட்சி."

"அது பேசாதே. டாக்டர் சர்டிபிகேட் கொண்டா. போட்டோ கொண்டா. அப்புறம் வா."

நிவாரணத்துக்கு இத்தனை காகிதம். விஷத்துக்குக் காசு மட்டும் போதும். மிச்சமிருக்கும் மாட்டின் மேல் அவர் எதைத் தூவுவார் என்று யூகிக்க ஆராய்ச்சி வேண்டுமா? புலி மறுபடி வரலாம், வராமலும் போகலாம். பாறு மட்டும் தவறாமல் வரும். ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையிடும் இனம் அது. மாட்டுக்குப் போட்ட டைக்குளோபினாக் ஊசியால் ஏற்கெனவே அழிந்தது போக மிஞ்சியது. அந்த ஊசியை 2006இல் தடைசெய்தார்கள். 2007இல் எண்ணிப் பார்த்தபோது, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆயிரம் வெண்முதுகுப் பாறுகள் இருந்த இடத்தில் ஒன்றுதான் மிச்சம்.

இனி நம் அறிவுக்கூர்மைக்கு வருவோம். உரக்கடையில் விற்கும் கார்போபியூரான் என்ற பூச்சிக்கொல்லிக் குருணையைப் பறவைகள் தானியமென்று கொத்திச் செத்ததால், அமெரிக்காவில் 1990களிலேயே முதலில் விரட்டியது குருணை வடிவத்தைத்தான். நாம் 2023இல் மற்ற வடிவங்களையெல்லாம் தடைசெய்தோம். 3 சதவீதக் குருணையை மட்டும் கண்ணுக்குக் கண்ணாக வைத்துக்கொண்டோம். மோனோகுரோட்டோபாஸ் என்ற இன்னொரு பூச்சிக்கொல்லி கலந்த சத்துணவைத் தின்று பீகாரில் 23 குழந்தைகள் செத்தது 2013இல். அதன் முக்கிய வடிவத்துக்குத் தடை வர 10 ஆண்டுகள். குழந்தைகளுக்கே இந்த வேகமென்றால், ஓட்டுரிமை இல்லாத பிணந்தின்னிக்கு எந்த வேகம்?

திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் குருக்கள் சர்க்கரைப் பொங்கலோடு காத்திருப்பார். இரண்டு கழுகுகள் வந்து உண்டுவிட்டுப் போகும். அவை வராமல் நின்று பல ஆண்டுகளாகிவிட்டன. கலி முற்றிவிட்டது என்றார்கள். வசதியான விளக்கம். கலியின் மேல் எந்தக் காவல் நிலையத்திலும் வழக்குப் பதிய முடியாது.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை உலகப் பாறு கழுகு விழிப்புணர்வு நாள். பள்ளிப் பிள்ளைகளைக் கழுகு வரையச் சொல்வோம், அதிகாரிகளுக்குப் பொன்னாடை போர்த்துவோம். இந்த முறை ஒரு பொன்னாடையைக் குருணைப் பொட்டலத்துக்குப் போர்த்துங்கள். பாறு கழுகைத் தேடிக் காடுமேடெல்லாம் அலையவேண்டும். சிறப்பு விருந்தினரோ பக்கத்துக் கடையிலேயே இருக்கிறார். ரசீதுகூடக் கேட்கமாட்டார்.